கன்சர்வேட்டரி ஒழுகுகிறதா? சிலிகான் குழலைக் கடைசியில் எடுங்கள்

அக்டோபரில் தென்மேற்குக் காற்றோடு மழை பிடித்துக்கொண்டதும் இங்கிலாந்தில் பல வீடுகளின் கன்சர்வேட்டரிக்குள் (வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டிய கண்ணாடி அறைக்குள்) ஒரு வாளி வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரர் கடைக்குப் போய் ஒரு சிலிகான் குழல் வாங்கி வருவார். ஏணி போட்டு, கண்ணில் படுகிற இணைப்பிலெல்லாம் அப்புவார். ஒன்றிரண்டு மழைக்குத் தாங்கும். பிறகு இரண்டடி தள்ளி இன்னோர் இடத்தில் சொட்டும். மறுபடி சிலிகான். இப்படியே மூன்று நான்கு வருடம் போனால், பழுது பார்க்க வருகிறவருக்கு முதல் நாள் வேலை பழைய சிலிகானைச் சுரண்டுவதாகத்தான் இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பது கூரையின் அமைப்பைப் பார்த்தால் புரியும். வழக்கமான கன்சர்வேட்டரியில் கீழே குட்டைச் செங்கல் சுவர் இருக்கும். அதன்மேல் யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஃப்ரேம்கள், அவற்றின் தலையில் தாழ்வார விட்டம், அங்கிருந்து முகட்டுக்கு ஏறும் அலுமினிய ராஃப்டர்கள், அதாவது சாய்வுச் சட்டங்கள். ராஃப்டர்களுக்கு இடையே 25 அல்லது 35 மி.மீ. பல்லறை பாலிகார்பனேட் (ஒளி விடும் பிளாஸ்டிக்) தகடு, அல்லது இரட்டைக் கண்ணாடி. தகட்டின் இரு ஓரங்களையும் ராஃப்டரின் மேல் உட்காரும் பிளாஸ்டிக் மூடி, ரப்பர் விளிம்போடு அழுத்திப் பிடிக்கும். இதை வடிவமைத்தவர்கள் ரப்பரைத் தாண்டி ஒரு சொட்டுகூட நுழையாது என்று நம்பி வடிவமைக்கவில்லை. கொஞ்சம் நுழையும், நுழைந்ததை ராஃப்டரின் பக்கவாட்டுக் கால்வாய் பிடித்து, கீழே பீலியில் (கூரை ஓர மழைநீர்த் தொட்டியில்) கொண்டுபோய் விட வேண்டும். ஃப்ரேமும் அப்படித்தான். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் நீர், அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் துளை வழியாக வெளியேற வேண்டும். அந்த வெளிவழியைச் சிலிகான் வைத்து அடைத்தால், நீருக்கு வீட்டுக்குள் வருவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இன்னொன்று, விரிவு. பாலிகார்பனேட் ஒரு பாகை வெப்பத்துக்கு மீட்டருக்குச் சுமார் 0.065 மி.மீ. நீளும், அலுமினியம் 0.023 மி.மீ. தான். குளிர்கால இரவுக்கும் வெயில் பட்ட கோடை மதியத்துக்கும் தகட்டில் 40 பாகை வித்தியாசம் சாதாரணம். 3 மீட்டர் தகடு கிட்டத்தட்ட 8 மி.மீ. நீள, அதைத் தாங்கும் ராஃப்டர் 3 மி.மீ.கூட நீளாது. மீதி 5 மி.மீ. அவற்றுக்கு இடையில் இழுபடுகிறது. தன் அகலத்தில் கால் பங்கு இழுபடக்கூடிய நல்ல சிலிகானாகவே இருந்தாலும், 5 மி.மீ. அசைவைத் தாங்க 20 மி.மீ. அகல இணைப்பு வேண்டும். விளிம்பில் நூல்போல இழுத்துவிட்ட கோடு முதல் கோடையிலேயே கிழிந்துவிடும்.

முதலில்: அது மழைநீர்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஏணியில் ஏறுகிறவர்கள் நிறைய. அறைக் காற்று 20 பாகை, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். ஜனவரி காலையில் அலுமினிய ராஃப்டரின் உள்பக்கமும் முகட்டின் அடியும் அதைவிடக் குளிர்ந்திருக்கும். நம்மவர் வீடுகளில் கன்சர்வேட்டரிதான் துணி காயும் இடம். சமையலறைக் கதவைத் திறந்து வைத்து இடியாப்பமும் அவிப்போம். அத்தனை ஆவியும் போய் ஒதுங்குவது அந்தக் குளிர்ந்த உலோகத்தில்தான். அது திரண்டு, ராஃப்டர் வழியே இறங்கி, ஒரே இடத்தில் சொட்டினால் பார்ப்பதற்கு அசல் ஒழுக்கு மாதிரியே இருக்கும்.

மழையே இல்லாத உறைபனிக் காலையில் சொட்டினால் அது வியர்வை நீர். சுவரில் ஈரம் என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. ஈரமான இடத்தைத் துணியால் துடைத்து உலரவிட்டு, ஓரடிச் சதுரத்துக்குச் சமையலறை அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். பின்பக்கம் நனைந்தால் சுவர் வழியாக நீர் வருகிறது. முன்னதற்கு மருந்து ஜன்னலின் மேல் காற்றுத் திறப்புகளைத் திறந்து வைப்பதும் துணியை வேறு இடத்தில் காயப்போடுவதும்தான். கூரையைத் தொட வேண்டியதில்லை.

எப்போது ஒழுகுகிறது?

எங்கே சொட்டுகிறது என்பதைவிட எப்போது சொட்டுகிறது என்பதே அதிகம் சொல்லும். முகட்டில் நுழைந்த நீர் ராஃப்டரின் உள்ளுறைக்குள் ஓடி, மூன்று மீட்டர் தள்ளித் தாழ்வாரத்தில் ஒரு திருகாணித் துளையைக் கண்டதும் சொட்டும். அந்தத் துளையை அடைத்தால் அடுத்த துளை. ஆகவே இரண்டு மூன்று மழைக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள்: மழை தொடங்கிய நேரம், முதல் சொட்டு விழுந்த நேரம், காற்றின் திசை, தூறலா கொட்டலா.

மழை தொடங்கி ஐந்து பத்து நிமிடத்தில் சொட்டினால் கூரையிலேயே திறந்த வழி இருக்கிறது: வழுக்கிய தகடு, விரிசல், உடைந்த மூடி. மற்ற மழைக்கு இல்லாமல் கொட்டும் மழைக்கு மட்டும் என்றால் பீலி நிரம்பி உள்பக்கம் வழிகிறது. ஒரு பக்கத்துக் காற்றுக்கு மட்டும் என்றால் முகட்டு மூடியையோ வீட்டுச் சுவரோடு சேரும் ஈயத் தகட்டையோ சந்தேகியுங்கள். மழை தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மெல்ல ஆரம்பித்து, மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டிருந்தால் கூரையின்மேல் பழி போடாதீர்கள். செங்கல் சுவர் குடித்த நீர் அது. இந்தக் கடைசி வகைக்குத்தான் அதிகமான சிலிகான் வீணாகிறது.

ஹோஸ் பைப் சோதனை

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ஹோஸ் பைப்போடு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. கூரையில் மின்விளக்கோ விசிறியோ இருந்தால் அந்தச் சர்க்யூட்டை முதலில் அணைத்துவிடுங்கள். விதி ஒன்றே: கீழிருந்து மேலே. மேலே தொடங்கினால் நீர் எல்லா இணைப்புகளையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது குற்றவாளி என்று தெரியாது.

முதலில் குட்டைச் சுவரும் ஜன்னல் படியும், பிறகு ஃப்ரேம், பிறகு பீலி, பிறகு தகடுகள் ஒவ்வொன்றாக, பிறகு முகடு, அப்புறம் சுவரோடு சேரும் ஈயத் தகடு, கடைசியில் அதற்கு மேலுள்ள வெறும் செங்கல். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது நீர் விழ வேண்டும். செங்கலுக்கு அரை மணி நேரத்துக்குமேல். மழை விழுகிற மாதிரி மேலிருந்து கீழே விழட்டும். குழாயை அண்ணாந்து பிடித்து ஈயத் தகட்டுக்கு அடியில் பீய்ச்சினால் எந்தக் கூரையும் ஒழுகும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அது ரப்பரையே பிடுங்கிவிடும்.

உள்ளே இருப்பவர் ராஃப்டரின் அடியில் டிஷ்யூ தாளை வரிசையாக ஒட்டி வைத்தால், எந்தத் தாள் முதலில் நனைகிறது என்று பார்க்கலாம். சொட்டும் இடத்திலிருந்து சரிவில் மேல்நோக்கித் தேடுங்கள். நீர் பக்கவாட்டில் நகரலாம், மேலே ஏறாது.

தகடு வழுக்குவது

பாலிகார்பனேட் கூரையில் முதலில் பார்க்க வேண்டியது இது. வெளியே நின்று தாழ்வார ஓரத்தை ஒற்றைக் கண்ணால் நேர்கோடு பாருங்கள். தகடுகளின் கீழ்முனை எல்லாம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் 20 மி.மீ. பீலிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த 20 மி.மீ. மேலே முகட்டடியில் குறைந்திருக்கிறது. முகட்டு மூடிக்குள் தகடு புகுந்திருப்பதே சில சென்டிமீட்டர்தான். கொஞ்சம் இறங்கினாலே வாய் திறந்துவிடும். கீழே அது பீலியைத் தாண்டி நீட்டினால் மழைநீரைப் பீலிக்கு வெளியே கொட்டும். ஒரே கோளாறுக்கு இரண்டு ஒழுக்கு.

வெயிலில் தகடு கீழ்நோக்கி நீளும். குளிரில் சுருங்கும்போது தன் எடையையும் ரப்பரின் பிடியையும் மீறி அதனால் மேலே ஏற முடியாது. கீழே தாங்கும் தடை வலுவாக இருந்தால் மேல்முனைதான் அசையும், அது சரி. ராஃப்டர் முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடியே தடையாக இருக்கும் பழைய கூரைகளில் அந்த மூடி வெயிலில் நொறுங்கிவிட்டால் தகடு வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே நகர்ந்துகொண்டே இருக்கும்.

மிதமான, காற்றில்லாத நாளில் செய்யுங்கள். உறைகுளிரில் மூடிகள் உடையும். ராஃப்டர் முனை மூடியின் திருகாணியைக் கழற்றி எடுங்கள். தகட்டின் இருபுறமும் உள்ள மேல்மூடிகளைக் கீழ்முனையில் மட்டும், வெள்ளை ரப்பர் சுத்தியலால் அடியிலிருந்து தட்டித் தளர்த்துங்கள். ரப்பர் ஓரமாகச் சோப்பு நீர் விடுங்கள். எண்ணெயோ கிரீஸோ வைக்காதீர்கள். பாலிகார்பனேட்டில் மயிர்க்கோடு விரிசல் விழும். ஓரடி நீள மரத்துண்டைத் தகட்டின் முனைப்பட்டிக்குக் குறுக்கே வைத்து உள்ளங்கையால் தள்ளுங்கள், அசையாவிட்டால் லேசாகத் தட்டுங்கள். மேலே இடிக்கும்வரை தள்ளக் கூடாது. மீட்டருக்கு 3 மி.மீ. கணக்கில் விரிவுக்கு இடம் விட வேண்டும். 3 மீட்டர் தகட்டுக்கு அது 9 மி.மீ. ஆகும். தள்ளி முடித்தபின் புதிய முனை மூடியை மட்டும் நம்பாமல், ராஃப்டர் முனையில் ஒரு சிறிய அலுமினிய எல்-கோணம் வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட்டு, தகட்டின் கீழ்முனை அதன்மேல் உட்காரும்படி செய்யுங்கள். தகட்டுக்குள் திருகாணி ஏற்றாதீர்கள்.

தகட்டின் அறைகளுக்குள் பச்சைப் பாசியோ கறுப்புக் கோடோ தெரிந்தால் முனை டேப்புகள் போய்விட்டன. மேல்முனைக்கு நீர் புகாத கெட்டி அலுமினிய டேப். கீழ்முனைக்குக் காற்று விடும் டேப், உள்ளே பூக்கும் ஈரம் அதன் வழியே வடிய வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் தகடு தண்ணீர்க் குழாயாகிவிடும். பத்துப் பதினைந்து வருடமான, மஞ்சள் படிந்து நொறுங்கும் தகட்டுக்கு டேப் மாற்றிப் பயனில்லை, தகட்டையே மாற்றுங்கள். புதுத் தகட்டில் புற ஊதாப் பூச்சு உள்ள பக்கம் மேலே வர வேண்டும்; காப்புப் படலத்தில் எழுதியிருக்கும், படலத்தை உரிப்பதற்கு முன்பே ஓரத்தில் பேனாவால் குறித்து வையுங்கள்.

ரப்பரும் முகடும்

மேல்மூடியின் ரப்பர் காலப்போக்கில் நீளத்தில் சுருங்கும். முனைகளில் ஓரிரு சென்டிமீட்டர் வெற்றிடம் விழும், மேல்முனையில் விழுந்தால் நேரே உள்ளே வழி. தனி ரப்பராக இருந்தால் மட்டும் மாற்றலாம். புதியதை இழுத்துப் போடாமல், தேவையைவிட நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீளமாக வெட்டி, நெருக்கித் தள்ளிக்கொண்டே போட வேண்டும். இழுத்துப் போட்ட ரப்பர் ஒரே குளிர்காலத்தில் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். ரப்பர் மூடியோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தால் மூடியையே மாற்ற வேண்டும். அல்ட்ராஃப்ரேம், யூரோசெல், சின்சீல் குளோபல் என்று கூரை வகைகள் பல. ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்காராது. முனை மூடியைக் கழற்றி, ராஃப்டரின் குறுக்குவெட்டைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து உதிரிபாகக் கடைக்கு அனுப்பினால் எது என்று சொல்லிவிடுவார்கள்.

முகட்டில் பார்க்க வேண்டியது மூடிக்கு அடியில் ராஃப்டர்களுக்கு இடையே இருக்க வேண்டிய நுரைக்கட்டை. காற்றோடு மேல்நோக்கி ஏறும் மழையைத் தடுப்பது அதுதான். அது நொறுங்கியோ, போடாமலே விடப்பட்டோ இருக்கும். முன்பக்கம் பல கோணமாக மடங்கும் விக்டோரியன் மாதிரியில் முன்முனையில் நான்கைந்து ராஃப்டர்கள் கூடும் வட்டத் தலைக்கும், அதன்மேல் நிற்கும் அலங்காரக் கூர்க்கும்பத்தின் திருகாணிக்கும் அடியில் சீலண்ட் (சிலிகான் போன்ற அடைப்புப் பசை) வற்றியிருக்கும். அங்கே கழற்றி, சுத்தம் செய்து, அடியில் புதிதாக வைத்து மூட வேண்டும். மேலே பூசுவதில் அர்த்தமில்லை.

வீட்டுச் சுவரோடு சேரும் இடம்

ஓட்டு வீட்டில் மேலோடு கீழோட்டின்மேல் ஏறி நிற்பதுபோலத்தான் ஈயத் தகடும்: மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதன்மேல் ஏற வேண்டும். வழக்கமாகப் போடுவது கோட் 4 ஈயம், 1.8 மி.மீ. தடிமன். செங்கல் வரிசைக்கு இடையிலுள்ள சாந்தில் 25 மி.மீ. ஆழம் வெட்டிச் செருகி, 450 மி.மீ.க்கு ஓர் ஈய ஆப்பு அடித்து, சுவரில் 150 மி.மீ. இறங்கி, கூரையின்மேல் இன்னொரு 150 மி.மீ. படர வேண்டும். ஒரே துண்டு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. துண்டுக்குத் துண்டு 100 மி.மீ. மேலேற்றம். நீளத் துண்டாகப் போட்டால் ஈயம் வெயிலில் விரிந்து சுருங்கி நடுவில் கிழியும், அல்லது சாந்திலிருந்து பிதுங்கி வெளியே வரும். மூன்று மீட்டர் நீளத்துக்கு 20 கிலோ எடை வரும் பொருள் அது, ஏணியில் தனியாகத் தூக்கப் பார்க்காதீர்கள். கையுறை போடுங்கள்.

பிதுங்கிய ஈயத்தை வீட்டுக்காரரே சரிசெய்யலாம். பழைய சாந்தைச் சுரண்டி, தூசியை ஊதி, ஈயத்தை மறுபடி செருகி, ஈயத்தின் சிறு துண்டுகளைச் சுருட்டி ஆப்பாக அடித்து, ஈயத்துக்கென்றே விற்கும் சாம்பல் நிறச் சீலண்டால் பள்ளத்தை நிரப்புங்கள். சாந்து வைத்தால் சுருங்கி விழும். முடிந்ததும் ஈயத்தின்மேல் பேட்டினேஷன் ஆயில் தடவாவிட்டால் முதல் மழையிலேயே வெள்ளைக் கறை கூரை முழுக்க வழியும். ஈயத்துக்குப் பதில் ஒட்டுப் பட்டியான ஃப்ளாஷ்பேண்டை யாராவது போட்டிருந்தால் அது தற்காலிகம். ஓரம் சுருண்டுவிட்டதா பாருங்கள்.

ஈயம் சரியாகவே இருந்தும் சுவரோரம் நனைகிறதா? இங்கேதான் கேவிட்டி ட்ரே, அதாவது சுவரின் இடைவெளிக்குள் நீர் பிடிக்கும் தட்டு, வருகிறது. நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர் வீட்டில் வெளிச்சுவர் நனைவது இயல்பு. காற்றோடு அடித்த மழை செங்கல் வழியே ஊறி, இடைவெளியின் உள்முகமாக வழிந்து கீழே போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆனால் கன்சர்வேட்டரி கட்டிய அன்றே அந்த வெளிச்சுவரின் கீழ்ப்பாதி உள்சுவராகிவிட்டது. மேலே குடித்த நீர் கீழே கன்சர்வேட்டரிக்குள் வந்து எட்டிப் பார்க்கிறது. ஈயத்துக்குச் சற்று மேலே, சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்து அந்த நீரைப் பிடித்து, வடிதுளை வழியாக ஈயத்தின்மேல் வெளியேற்ற வேண்டும். ஈயத்துக்கு மேல் வரிசையில் 900 மி.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் சின்ன வடிதுளைகள் தெரிகின்றனவா பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் தட்டும் இல்லை. மலிவாகக் கட்டிக் கொடுக்கிறவர்கள் முதலில் விடுவது இதைத்தான்.

பின்னால் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று செங்கல்லாக எடுத்து, தட்டைச் செருகி, அடுத்த தட்டோடு கோத்து, செங்கலைத் திரும்ப வைத்து, சாந்து இறுகியபின் அடுத்த பகுதி. நீளமாக ஒரேயடியாகப் பிரித்தால் மேல்சுவர் உட்காரும். இது கொத்தனார் வேலை. சாய்வாகச் சேரும் இடத்தில் படிப்படியாகத் தனித்தனித் தட்டுகள் வேண்டும்.

பழைய வீடாக இருந்தால் முதலில் செங்கல் அடுக்கைப் பாருங்கள். நீளப் பக்கம் மட்டுமே தெரிந்தால் இரட்டைச் சுவர். இடையிடையே செங்கல்லின் தலைப்பக்கமும் தெரிந்தால் அநேகமாக ஒன்பது அங்குல ஒற்றைச் சுவர், அதில் தட்டுக்கு வழியில்லை. உதிர்ந்த சாந்தைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின் சிலேன்-சிலாக்சேன் வகை நீர்விலக்கிக் கிரீம் பூசுவதுதான் வழி. விரிசலோடும் ஈரத்தோடும் இருக்கும் சுவரில் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பீலியும் பாக்ஸ் கட்டரும்

பிளாஸ்டிக் பீலியின் இணைப்பு சொட்டினால் இணைப்பைக் கழற்றுங்கள். உள்ளே ரப்பரில் மணலும் பாசியும் ஒட்டியிருக்கும். துடைத்து, சிலிகான் லூப்ரிகண்ட் ஸ்ப்ரே அடித்து, உள்ளே வார்த்திருக்கும் கோடுவரை மட்டும் பீலியைச் செருகுங்கள். கோட்டைத் தாண்டி இடித்துச் செருகினால் கோடையில் விரிய இடமில்லாமல் இணைப்பு வாய் பிளக்கும்.

வீட்டு மேல்கூரையின் மழைக்குழாயைக் கன்சர்வேட்டரிக் கூரைமேல் விட்டிருந்தால் வேறெதையும் தேடாதீர்கள், முதலில் அதை மாற்றுங்கள். மணிக்கு 75 மி.மீ. மழை என்று கணக்கிட்டால் 30 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 37 லிட்டருக்குமேல் நீர் ஒரே இடத்தில் கொட்டும். அதைத் தாங்கத் தகட்டு இணைப்புகளைச் செய்யவில்லை.

பாக்ஸ் கட்டர் என்பது வீட்டுத் தாழ்வாரத்துக்கும் கன்சர்வேட்டரிக்கும் நடுவே, அல்லது பக்கத்து வீட்டு எல்லைச் சுவரோரம் போகும் அகலமான அலுமினியத் தொட்டி. முன்பீலி நிரம்பினால் தோட்டத்தில் வழியும். இது நிரம்பினால் நேரே வீட்டுக்குள். ஓட்டிலிருந்து உதிரும் பாசி இதன் வடிகுழாயில் பந்துபோல் உருண்டு நிற்கும். நவம்பர் கடைசியில் இலை உதிர்ந்து முடிந்ததும் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை அள்ளுங்கள். வாயில் கம்பிவலை உருண்டை போட்டாலும் அள்ளத்தான் வேண்டும்.

சுத்தமாக இருந்தும் ஒழுகினால் வடிகுழாயைத் துணி வைத்து அடைத்து, 25 மி.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பி, உணவு நிறமி கலந்து ஒரு மணி நேரம் விடுங்கள். நிறம் உள்ளே வந்தால் தொட்டித் துண்டுகள் சேரும் இடமோ முனைத் தகடோ ஒழுகுகிறது. இணைப்பைப் பிரித்துப் புதிதாகச் சீலண்ட் வைத்து இறுக்க வேண்டும்; முடியாத இடத்தில் முழுத் தொட்டிக்கும் ஈபிடிஎம் ரப்பர் விரிப்பு ஒரே துண்டாக, இருபக்கமும் ஏறும்படி ஒட்டுவது நிலைக்கும். பெயிண்ட் மாதிரிப் பூசும் ரப்பர் குளிர்காலத்தை ஓட்டத்தான். நிறம் வராமல் வெறும் நீர் மட்டும் அடியில் சொட்டினால், குளிர்ந்த தொட்டியின் அடிப்பக்கம் வியர்க்கிறது. அதற்குக் கீழே காப்புப் பலகை வேண்டும்.

ஃப்ரேம், கதவு, தரை

ஜன்னல் படியில் நீர் தேங்கினால் வெளியே அடிச்சட்டத்திலுள்ள வடிதுளைகளைத் தேடுங்கள். சிலந்திவலையும் மண்ணும் அடைத்திருக்கும், சில வீடுகளில் சிலிகானே அடைத்திருக்கும். கேபிள் டையின் முனையை விட்டுக் குடையுங்கள். பிறகு சட்டத்தின் உள்பள்ளத்தில் ஒரு கோப்பை நீர் ஊற்றினால் உடனே வெளியே வர வேண்டும். வராவிட்டால் கண்ணாடிக்கு அடியில் முட்டுக்கு வைத்த பிளாஸ்டிக் துண்டு (பேக்கர்) கால்வாயை மறித்துக்கொண்டிருக்கலாம்.

ஜன்னலின் வெளிப்படியின் முனை மூடியும் மூலை இணைப்பும் விட்டுப்போனால் நீர் குட்டைச் சுவருக்குள் இறங்கும், உள்ளே பூச்சு உப்பும். கழற்றி, சீலண்டில் பதித்து வையுங்கள். தரை ஓரம் ஈரமானால் வெளியே தோட்டத் தளம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். சுவரின் ஈரத்தடுப்புப் பட்டி தளத்துக்கு 150 மி.மீ. மேலே இருக்க வேண்டும். பின்னால் பேவிங் கல் போட்டுத் தளத்தை உயர்த்தியவர்கள் அதை மூடிவிட்டிருப்பார்கள். ஓரத்தில் ஒரு வரிசைக் கல்லை எடுத்துச் சரளை போட்டாலே பல வீடுகளில் போதும்.

சிலிகான், இப்போது

மேலே சொன்னதில் சீலண்ட் வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அங்கே நியூட்ரல் க்யூர், லோ மாடுலஸ் என்று குழலில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். காடி வாசனை அடிக்கும் அசிட்டாக்ஸி வகை பாலிகார்பனேட்டுக்கும் ஈயத்துக்கும் ஆகாது. பழையதை முழுக்க எடுங்கள், சிலிகான்மேல் சிலிகான் ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பரப்பில், 5 பாகைக்குமேல் வெப்பமுள்ள நாளில் வையுங்கள். 6 மி.மீ. கோட்டுக்கு ஒரு 310 மி.லி. குழல் எட்டு மீட்டர் வரும். அதற்குமேல் குழல் தேவைப்பட்டால் வைக்கக் கூடாத இடத்தில் வைக்கிறீர்கள்.

கூரைமேல் ஏறி நிற்கவே கூடாது. தகடு ஆளைத் தாங்காது. ஏணி நாலுக்கு ஒன்று சாய்வில், பீலிமேல் சாயாமல் சுவரில் ஊன்றும் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். முகட்டை எட்ட முடியாத கூரைக்கு, ராஃப்டர்கள்மேல் மட்டும் எடையைப் பரப்பும் கன்சர்வேட்டரி ஏணியோடு வருகிறவரைக் கூப்பிடுங்கள்.

ஆள் கூப்பிட்டால் ஹோஸ் பைப் சோதனை செய்தபின் எழுத்தில் விலை தரச் சொல்லுங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு முழுக் கூரையும் மாற்ற வேண்டும் என்பவரை அனுப்பிவிடுங்கள். ஓடு போட்ட கெட்டிக் கூரையாக மாற்றினால் கட்டட விதிமுறை அனுமதி வாங்க வேண்டிவரும், இருக்கும் ஃப்ரேம் அந்த எடையைத் தாங்குமா என்ற கணக்கும் வேண்டும். கேவிட்டி ட்ரே இல்லாத சுவர் புதுக் கூரைக்கும் அப்படியே ஒழுகும். கன்சர்வேட்டரி கட்டிச் சில வருடமே ஆகியிருந்தால் முதலில் கட்டியவருக்கு எழுதுங்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி தரமற்ற வேலைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6 ஆண்டுகள்வரை, ஸ்காட்லாந்தில் 5 ஆண்டுகள்வரை வழக்குக்குப் போகலாம். அவர் கடையை மூடிவிட்டிருந்தால் பழைய காகிதங்களில் காப்பீட்டோடு கூடிய உத்தரவாதம் இருக்கிறதா தேடுங்கள். வீட்டுக் காப்பீடு புயல் சேதத்துக்குத் தரும், தேய்மானத்துக்குத் தராது. ஆகவே கூரையில் கை வைப்பதற்கு முன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.